புதுப்பிப்பு: குருத்து விரியாத நெட்டை குட்டை ஒட்டுத் தென்னை, போராக்ஸில் சரியானது

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் கொல்லையில் நிற்கும் ஒட்டுத் தென்னை (நெட்டை, குட்டை ரகங்களைக் கலந்த கலப்பினம்) ஒன்றில் புது மட்டைகள் குட்டையாக, கீற்று நுனிகள் ஒட்டிக்கொண்டு கொக்கிபோல வளைந்து வருகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

போரான் என்ற நுண்ணூட்டச் சத்தின் குறைபாடு என்று சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டாக இருந்தால் விரிந்த மட்டையில் முக்கோண வெட்டுகளும், குருத்தடியில் மென்று துப்பிய நாரும் தெரியும் என்றார். இந்த மரத்தில் இரண்டுமே இல்லை. போரான் உள்ள உப்பான போராக்ஸை 50 கிராம் எடுத்து, மணலோடு கலந்து வட்டப்பாத்தியில் தூவித் தண்ணீர் விட்டேன்.

ஏற்கெனவே வளைந்த மட்டைகள் கடைசிவரை நிமிரவே இல்லை. அதற்குப் பிறகு வந்த குருத்துகள்தான் நேராக விரிந்தன. பழைய மட்டையைப் பார்த்து, மருந்து பிடிக்கவில்லை என்று தயவுசெய்து மேலும் மேலும் போடாதீர்கள். போரான் மிகுந்தாலும் மரத்துக்குக் கேடு.

எதிர்பாராதது ஒன்று: பக்கத்துக் கன்றில் நிஜமாகவே வண்டு இருந்தது! அதற்கு அக்கா ஒருவர் சொன்ன நாப்தலின் உருண்டை (அந்துருண்டை) கைகொடுத்தது. குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் 3 உருண்டைகள், மேலே மணல், 45 நாளுக்கு ஒருமுறை புதிதாக. வண்டு முட்டையிடுவது எருக்குழியில் என்பதால், அங்கே வண்டின் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணமும் கலந்திருக்கிறேன்.