டார்ச்லைட் சார்ஜ் ஏறல, அவசரம். புதுசு வாங்கணும்னா எப்படிப் பார்த்து வாங்குறது?

வயர்மேன்_ஜெலுத்தோங் (இரவு 9:14)
வணக்கம் எல்லாருக்கும். பாக்கெட்ல வைக்கிற சின்ன டார்ச் திடீர்னு சார்ஜ் ஏறமாட்டேங்குது. ஒயர் குத்தினா சிவப்பு விளக்குகூட எரியல. நாளைக்கு நைட் ஷிப்ட், பிளாட்டுல ரைசர் அறையெல்லாம் (மாடிமாடியா கரண்டு ஒயர் ஏறுற அறை) கும்மிருட்டு. சரி பண்ண முடியுமா? இல்ல புதுசுதான் வாங்கணும்னா அதுல என்னென்ன இருக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க பாஸ்.

மோட்டார்_பட்டர்வொர்த் (9:20)
என்ன டார்ச்? என்ன பேட்டரி, கழட்ட முடியுமா? எதுல குத்தி சார்ஜ் பண்றீங்க? இதைச் சொல்லாம எப்படிலா சொல்றது?

தண்ணிமலை_அங்கிள் (9:26)
தம்பி, வால் பக்க மூடியைத் திருகிக் கழட்டி ஸ்பிரிங்கைப் பாருங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு அங்கதான் முதல்ல கறுக்கும். பஞ்சுல கொஞ்சம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு ஸ்பிரிங், மரை, பேட்டரி முனை மூணையும் துடைங்க. பெரும்பாலும் அதுலயே சரியாயிடும்.

ஆயர்_ஈத்தாம்_ரவுண்டு (9:31)
பேட்டரி செத்திருக்கும். மல்ட்டிமீட்டர் வச்சிருப்பீங்கள்ல, அளந்து பாருங்க. லித்தியம் செல் முழுசா ஏறினா 4.2 வோல்ட். 2.5க்குக் கீழ போயிருந்தா திரும்ப சார்ஜ் பண்ணாதீங்க, அது ஆபத்து. மாத்திடுங்க.

லூமன்_வாத்தியார் (9:40)
டார்ச் பேரு இல்ல, பேட்டரி அளவு இல்ல, "சீக்கிரம்" மட்டும் இருக்கு. பழைய இழைகள்ல இதுக்கு எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் வரல. புதுசு வாங்கப் போறவர் ஒண்ணு தெரிஞ்சுக்கணும்: அட்டையில எழுதியிருக்கிற லூமனை (வெளிச்சத்தோட அளவு) நம்பி வாங்காதீங்க. டார்ச்சை அளக்கிறதுக்கு எஃப்எல்1 தரம்னு ஒண்ணு 2009ல வந்துச்சு. அதுல லூமனை அளக்கிறது போட்ட 30 விநாடியில இருந்து 2 நிமிஷத்துக்குள்ள. "எரியும் நேரம்"னு போடுறது வெளிச்சம் பத்துல ஒரு பங்கா குறையிற வரைக்கும். சின்ன டார்ச்ல உச்ச வெளிச்சம் போட்டா சூடாகி, சில நிமிஷத்துல தானாவே இறங்கிடும். அது கோளாறு இல்ல, எல்ஈடி கருகாம இருக்கச் செஞ்ச ஏற்பாடு. அதனால நடு அளவுல எவ்வளவு நேரம் எரியுதுன்னு பாருங்க.

வயர்மேன்_ஜெலுத்தோங் (9:52)
டைப்-சி ஓட்டை. 18650 அளவு லித்தியம் பேட்டரி, கழட்டலாம். அதோட வந்த ஒயர் தொலைஞ்சு போச்சு, இப்போ போனோட சார்ஜர்லதான் குத்துறேன். அங்கிள் சொன்ன மாதிரி துடைச்சுட்டேன், ஒண்ணும் மாறல. மீட்டர்ல 3.1 காட்டுது.

குடோன்_அக்கா (9:55)
தம்பி, அந்தப் போன் ஒயருக்கு ரெண்டு முனையும் டைப்-சியா?

வயர்மேன்_ஜெலுத்தோங் (9:57)
ஆமா அக்கா, ரெண்டு பக்கமும் சி.

குடோன்_அக்கா (10:06)
அப்போ டார்ச் நல்லாதான் இருக்கு. 3.1 வோல்ட்டுன்னா செல்லும் சாகல. ரெண்டு முனையும் சியா இருந்தா, எதிர்ல இருக்கிற சாமான் 5.1 கிலோ ஓம் மின்தடை மூலமா "நான் இருக்கேன்"னு காட்டுற வரைக்கும் சார்ஜர் கரண்டே விடாது. விலை குறைஞ்ச டார்ச் நிறைய அந்தத் தடையைப் போடாமலே வருது. பழைய அகலமான யூஎஸ்பி ஏ ஓட்டை அப்படிக் கேக்காது, எப்பவும் 5 வோல்ட் விடும். ஒரு பக்கம் ஏ, ஒரு பக்கம் சி ஒயரைப் போட்டுப் பாருங்க. பக்கத்து வீட்டுலகூட கிடைக்கும்.

தண்ணிமலை_அங்கிள் (10:15)
இதுக்குத்தான் நான் சாதாரண ஏஏ பேட்டரி போடுற டார்ச்சே வச்சிருக்கேன். நடுராத்திரி கரண்டு போனாலும் 24 மணிநேரக் கடையில பேட்டரி வாங்கிப் போட்டுக்கலாம். ஒயர் தேட வேண்டாம், சார்ஜர் தேட வேண்டாம்.

ஆயர்_ஈத்தாம்_ரவுண்டு (10:19)
அங்கிள், ஆல்கலைன் பேட்டரியைப் போட்டு மறந்துட்டா ஒழுகி டார்ச்சையே அரிச்சிடும். என்னோடது ரெண்டு அப்படித்தான் போச்சு.

தண்ணிமலை_அங்கிள் (10:22)
நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போடுங்க, ஆல்கலைன் மாதிரி ஒழுகாது. 1.2 வோல்ட்டுதான், ஆனா நல்ல டார்ச் அதுக்கும் ஒரே சீரா எரியும்.

மோட்டார்_பட்டர்வொர்த் (10:27)
அதே அளவுல 14500 லித்தியம் இருக்கே அங்கிள், வெளிச்சம் பிரமாதமா வரும்.

தண்ணிமலை_அங்கிள் (10:30)
அது 4.2 வோல்ட் தம்பி. ஏஏவுக்கு மட்டும் செஞ்ச டார்ச்ல போட்டா உள்ள இருக்கிற சர்க்கிட் போயிடும். ரெண்டுக்கும் ஆகும்னு எழுதியிருந்தா மட்டும் போடுங்க. புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லாம "பிரமாதம்"னு சொல்லாதீங்க.

லூமன்_வாத்தியார் (10:38)
ஏஏ காலம் முடிஞ்சு போச்சு. ஒரு 18650ல இருக்கிற சக்திக்குக் கிட்டத்தட்ட நாலு ஏஏ வேணும். அங்கிள் பாக்கெட்ல நாலு பேட்டரி தூக்கிட்டுத் திரியட்டும்.

குடோன்_அக்கா (10:51)
ரெண்டு பேரும் நிறுத்துங்க, கேட்டவர் வயர்மேன். அவருக்கு முதல்ல வேண்டியது நிறம் சரியாத் தெரியுற வெளிச்சம். சாதாரண எல்ஈடில சிவப்பு மங்கி, சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒரே மாதிரி தெரியும். டிபி பெட்டிக்குள்ள (கரண்டைப் பிரிச்சு விடுற பெட்டி) கை வைக்கிறவருக்கு இது உயிர் விஷயம். சிஆர்ஐ (நிறம் எவ்வளவு சரியாத் தெரியும்னு நூத்துக்குக் காட்டுற எண்) 90க்கு மேல, ஒளியோட நிறம் 4000 கெல்வின் பக்கம் இருக்கிற எல்ஈடி பாருங்க. அதுல லூமன் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல. ரைசர் அறையில கைக்கெட்டுற தூரத்துலதான் வேலை, 200 மீட்டர் பாயுற ஒளி நம்ம கண்ணையே கூச வைக்கும். விரிஞ்ச ஒளி வேணும். வாலில் காந்தம் இருந்தா இரும்புப் பெட்டிக் கதவுல ஒட்டிட்டு ரெண்டு கையும் வச்சு வேலை செய்யலாம். ஆனா பெட்டிக்குள்ள ஒட்டாதீங்க. அலுமினிய உடம்புல கரண்டு பாயும், மேல பூசின பூச்சை நம்பக் கூடாது. ரெண்டு பக்கமும் வளைஞ்ச கிளிப், தொப்பியில மாட்டலாம். அமுக்கினா முதல்ல சின்ன வெளிச்சம்தான் வரணும், எடுத்ததும் உச்சம் வந்தா பக்கத்துல நிக்கிறவருக்குக் கண்ணு தெரியாது. பாக்கெட்ல தானா எரியாம பூட்டுற வசதி கட்டாயம், தொடையில சூடு பட்டு ஆஸ்பத்திரி போனவங்களை எனக்குத் தெரியும். பேட்டரி கழட்டுற மாதிரியே வாங்குங்க. 9900 மில்லி ஆம்பியர்-அவர்னு எழுதின 18650ஐத் தொடவே வேண்டாம், நல்ல செல்லே 3500 பக்கத்துலதான் நிக்குது.

ஆயர்_ஈத்தாம்_ரவுண்டு (10:58)
அக்கா, காந்தம் வச்சா பாக்கெட்ல இருக்கிற பேங்க் கார்டு கெட்டுப் போகாதா?

வயர்மேன்_ஜெலுத்தோங் (11:23)
ஏ முனை ஒயர் கிடைச்சுது, சிவப்பு விளக்கு எரியுது. ரொம்ப நன்றி அக்கா. சம்பளம் வந்ததும் சிஆர்ஐ பார்த்து ஒண்ணு வாங்குறேன்.

குடோன்_அக்கா (11:30)
சந்தோஷம் தம்பி. ஆயர் ஈத்தாம், கார்டை வேற பாக்கெட்ல வைங்க. சிப்புக்கு ஒண்ணும் ஆகாது, பின்னால இருக்கிற கறுப்புப் பட்டைதான் கெடும்.

தண்ணிமலை_அங்கிள் (11:34)
வாத்தியாரே, நாலு ஏஏ இல்ல, நான் ஒண்ணுதான் தூக்குறேன். ராத்திரி மலையேறி இறங்க அது போதும்.