எண்ணெய் ஊற்றப் போன இடத்தில் நடந்தது, சொல்லுங்கள்

செம்பனைக்காட்டான்
மலேசியாவில் பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் எல்லாருக்கும் தொடங்கிய வாரம், 2025 அக்டோபர் முதல் தேதி வாக்கில். சுங்கை சிப்புட். கவுண்டரில் எனக்கு முன்னால் ஒரு தாத்தா, தோட்டத்தில் மரம் வெட்டியவர். மானியத்துக்காக ஐசியை, அதாவது அடையாள அட்டையை, செருகினார், மெஷின் ஏற்கவில்லை. சட்டையில் துடைத்து மறுபடி செருகினார். "லைசென்ஸ் உயிரோட இருக்கா அங்கிள்?" என்றாள் அந்தப் பெண். அது செத்து ஐந்து வருடமாம். "அப்படின்னா மானியம் இல்லை, லிட்டர் 2.60 தான்."

5 வெள்ளிதான் (ரிங்கிட்) கொண்டு வந்திருந்தார். 1.99 மானிய விலையில் இரண்டரை லிட்டர் ஏறியிருக்கும், மீட்டர் 1.92 லிட்டரில் நின்றுவிட்டது. குழாயை எடுக்காமல் டேங்கிமேல் தட்டித் தட்டிச் சொட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என் ஐசியை நீட்டியிருக்கலாமே என்று இன்னும் உறுத்துகிறது.

பழைய_கேப்சாய்
நீட்டாமல் இருந்ததே நல்லது. அப்போது ஆளுக்கு மாதம் 300 லிட்டர் மானிய விலையில் கொடுத்தது அவரவர் வண்டிக்குத்தான். லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதை யாரும் கேட்க மாட்டீர்களா?

அது போகட்டும், 1.92 என்றதும் 2008 ஜூன் 4 ராத்திரிதான் ஞாபகம் வந்தது. லிட்டர் 1.92 வெள்ளி விற்ற பெட்ரோல் விடிந்தால் 2.70. வரிசை பள்ளிக்கூட வேலி வரை நின்றது. என் முறை வந்தபோது பம்பில் சிவப்புக் கூம்பை வைத்துவிட்டார்கள்.

குலை_பிக்கப்
நீங்கள் 78 காசுக்கு அழுகிறீர்கள். 2024 ஜூன் 10, டீசல் 2.15-லிருந்து 3.35. 80 லிட்டருக்கு 96 வெள்ளி கூடுதல். உலகச் சந்தையில் ஒரே ராத்திரியில் அவ்வளவு ஏறாது, மானியத்தை எடுத்ததுதான் காரணம். 200 வெள்ளி உதவித்தொகை அப்புறம் வந்தது, சரி. அன்று காலை, நான் செம்பனைக் குலை ஏற்றும் குலைக்காரரிடம் கூலி ஏற்றிக் கேட்க வாய் வராமல் நின்றேனே, அதுதான் மறக்கவில்லை.

டயர்_மாமா
நானும் அந்த டீசல் வரிசையில் நின்றவன்தான். ஆனால் புலம்பி என்ன பயன்? டயரில் காற்றுப் பாருங்கள், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் அளவு இருக்கும், காலையில் டயர் சூடேறுமுன் பார்க்க வேண்டும். பிளஸ் நெடுஞ்சாலையில் 110-ஐ 90 ஆக்குங்கள், ஈப்போ போய்த் திரும்பினாலே வித்தியாசம் தெரியும். பின் டிக்கியில் கிடக்கும் உர மூட்டையை இறக்குங்கள். விடியற்காலையில் ஊற்றினால் அதிகம் கிடைக்கும் என்பது சும்மா கதை, டேங்கி மண்ணுக்கடியில் இருக்கிறது, சூடு அவ்வளவு மாறாது. 95 ரகப் பெட்ரோலுக்குச் செய்த இன்ஜினில் விலை கூடிய 97 ஊற்றுவதும் தண்டம். நம் ஊரில்தான் எண்ணெய் தோண்டுகிறோமே என்பவர்களுக்கு: விலைக் கணக்கு சிங்கப்பூர்ச் சந்தையைப் பார்த்துத்தான், அதுவும் அமெரிக்க டாலரில். வெள்ளியின் மதிப்பு இறங்கினால் நமக்கு விலை ஏறும்.

செம்பனைக்காட்டான்
மாமா, நான் டயரைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்தத் தாத்தா லைசென்ஸை உயிர்ப்பிக்க முடியுமா?

பழைய_கேப்சாய்
செத்து மூன்று வருடம் தாண்டிவிட்டதே. மறுபடி பரீட்சை எழுத வேண்டும்.