கஸ்டமைஸ் என்பதற்கு 'மாற்றியமை': ஒரு பரிந்துரை

வணக்கம்.

'கஸ்டமைசபிள் டாஷ்போர்டு' என்பதைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று இங்கே நடந்த பேச்சுக்கு என் பதில் இது. முக்கியத் தகவல்களை ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டுக்கு 'தகவல் பலகை' என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய முதலமைச்சர் தகவல் பலகையால் அந்தச் சொல் செய்தித்தாள் வரைக்கும் போய்விட்டது. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'கட்டுப்பாட்டகம்' என்றால் அங்கிருந்து எதையோ இயக்க வேண்டும். அலுவலகங்களில் பெரும்பாலானோர் அந்தத் திரையைப் பார்க்க மட்டும்தான் செய்கிறார்கள். சிக்கல் அதற்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் 'தனிப்பயனாக்கக்கூடிய' என்பதில் இருக்கிறது.

கஸ்டமைஸ், பெர்சனலைஸ் இரண்டையும் நாம் 'தனிப்பயனாக்கு' என்றே எழுதி வருகிறோம். முதலாவதில் வேலை செய்பவர் பயனர். எந்தப் பெட்டி மேலே, எந்த வரைபடம் வேண்டாம் என்று அவரே இழுத்து வைக்கிறார். இரண்டாவதில் அவருடைய பொறுப்பையும் பழக்கத்தையும் பார்த்து மென்பொருளே எடுத்து வைக்கிறது. யார் செய்கிறார் என்பதே தலைகீழாக இருக்க, சொல் மட்டும் ஒன்றாக இருக்கிறது.

பயனர் ஆய்வுக்குப் போகும்போது இது நேரடியாக இடிக்கிறது. ஒரு கிடங்கு அலுவலகத்தில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் அம்மா ஒருவருடன் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மானிட்டர் ஓரத்தில், வண்டி எண்களும் வரவேண்டிய நேரமும் எழுதிய துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. திரையில் மாதக் கணக்கு பெரிய வட்டமாக நிற்க, இன்றைக்குப் பாக்கியுள்ள லோடு எங்கோ உள்ளே கிடந்தது. "திரையைத் தனிப்பயனாக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டேன். "எனக்கு மட்டும் தனியா வருமா சார்? அப்போ அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். சரி, இருப்பதையே இடம் மாற்றி வைக்கலாம் என்றால்? உடனே விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார்: "இந்த வட்டம் கீழ போகட்டும். பாக்கி லோடு மேல வரட்டும்."

'தனி' என்ற முன்னொட்டு அவரை வேறு பக்கம் இழுத்துவிட்டது. அவர் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. மாற்றி அமைப்பது எப்போதும் தனி ஆளின் காரியம் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணினிப் பயனர்களிடம் ஆய்வாளர் வெண்டி மெக்கே நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பலர், பக்கத்தில் இருப்பவர் தன் மென்பொருள் அமைப்புகளைச் சேமித்து வைத்திருந்த கோப்பை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபோது, பழையபடி நடக்க வைப்பதற்காகவே அமைப்புகளைத் தொட்டவர்களும் உண்டு. இதில் 'தனிப்பயன்' எங்கே இருக்கிறது?

கஸ்டமைஸ் என்பதற்கு முன்பு இங்கே சொல்லப்பட்ட 'தன்னமைவு' அழகான சொல்தான், ஆனால் பொருள் கவிழ்கிறது. அமைவது வேறு, அமைப்பது வேறு; 'தன்னமைவு' என்றால் தானாக அமைந்துகொள்வது என்றுதான் படிக்கத் தோன்றும். 'விருப்பமைப்பு' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 'விருப்பங்கள்' ஏற்கெனவே ஆப்ஷன்களுக்கும் லைக்குகளுக்கும் போய்விட்டதே.

என் பரிந்துரை 'மாற்றியமை'. அமைச்சரவை மாற்றியமைப்பு என்று நாளிதழில் படித்துப் பழகியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை: ஆட்கள் பெரும்பாலும் அவர்களேதான், இலாகாதான் மாறும். பொத்தானில் ஏவலாகவே எழுதலாம். ரீசெட்டுக்கு 'மீட்டமை' ஏற்கெனவே இருப்பதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பொருந்தி நிற்கும். 'தனிப்பயனாக்கு' பெர்சனலைஸ் என்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

'மாற்றியமைக்கத்தக்க தகவல் பலகை' நீளம் என்று யாராவது சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தொடர் ஆவணத்தில்தான் வரும், திரையில் வராது. ஆவணத்திலும் 'மாற்றியமைக்கும் வசதியுள்ள' என்று எழுதினால் போதும்.

எனக்கு ஒரே தயக்கம், மாடிஃபை. அதற்கு 'மாற்றியமை' என்று ஏற்கெனவே போட்டிருக்கும் மொழிபெயர்ப்புத் திட்டங்கள் இருந்தால் தெரியப்படுத்துங்கள். அப்படி இருந்தால் அங்கே 'திருத்து' பொருந்துமா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.