அசீம் பாடியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்

டெல்லியின் ராக் இசைக்குழுவான இந்தியன் ஓஷனை நேரில் பார்த்ததை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வருகிறீர்கள். சரி, என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

2006 பிப்ரவரி. டெல்லியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அறைத் தோழன் ஒரு கல்லூரி விழாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். குளிரில் மேடைக்கு ஏழெட்டு அடி தள்ளி இடம் கிடைத்தது.

கிடார், டிரம்ஸ் எல்லாம் இருந்தன. நடுவே ஒருவர் தபலா முன்னால் உட்கார்ந்திருந்தார். அசீம் சக்ரவர்த்தி. வாசிக்க மட்டும்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மைக் பக்கம் லேசாகச் சாய்ந்து பாட ஆரம்பித்தார். குரல் நிதானமாக இழுத்துக்கொண்டே போகிறது, விரல்கள் அதைக் கண்டுகொள்ளாமல் வேறு வேகத்தில் ஓடுகின்றன. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடவே எனக்கு வராது. பாட்டு முடியும்வரை அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘மா ரேவா’ வந்தது. ரேவா என்றால் நர்மதை. பாஸ் கிடார் வாசிக்கும் ராகுல் ராம் நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர். அந்தக் கரையின் நாட்டுப்பாட்டு இது. அப்புறம் ‘கந்தீசா’, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதி. மொழி யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனாலும் மைதானமே கூடப் பாடியது. 1990இல் தொடங்கிய குழு, அந்தப் பாட்டின் பெயரில் ஆல்பம் வந்தது 2000இல். இப்படி ஒரு பாட்டைக் கொண்டுவந்தவர்கள் என்பதில் எனக்கு இன்னும் மரியாதை.

2009 டிசம்பர் 25 அன்று அசீம் இறந்துபோனார். மறுவருடம், அவர் இருந்தபோதே பதிவு செய்த பாட்டுகளை மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். ‘16/330 கஜூர் ரோடு’ என்று பெயர். டெல்லி கரோல் பாகில் அவர்கள் ஒத்திகை பார்த்த பழைய பங்களாவின் விலாசம். அந்தக் குரலுக்காக ஒவ்வொரு மாதமும் காத்திருந்தேன்.

மறுபடி பார்த்தது 2014இல், பெங்களூரில். அசீம் இடத்துக்கு இரண்டு பேர் தேவைப்பட்டிருந்தார்கள்: தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி, பாட ஹிமான்ஷு ஜோஷி. கிடாரில் சுஸ்மித் சென்னும் இல்லை, 2013இல் விலகிவிட்டார். புதியவர்கள் நன்றாகவே செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘மா ரேவா’ தொடங்கியதும் என் கண் தபலாவுக்கும் பாடுபவர் முகத்துக்குமாக மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தது.