சின்ன அரங்கில் கிங் லியர்: கோமாளியும் கார்டீலியாவும் ஒரே ஆளாக வரலாமா?

ஓரநாற்காலி:

நேற்று ராத்திரி ஒரு சின்ன அரங்கில் ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகம் பார்த்தேன். இன்னும் மனசு அங்கேயே நிற்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். மொத்தமே நாற்பது நாற்காலி. தனியாக மேடை கிடையாது, தரைதான் மேடை. இரண்டு பக்கமும் நாங்கள், நடுவில் அவர்கள். நடிகர்கள் எட்டே பேர், இடைவேளையோடு இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

லியர் ராஜாவின் இளைய மகள் கார்டீலியாவாக நடித்தவரே ராஜாவின் அரண்மனைக் கோமாளியாகவும் நடித்தார். அதுவும் உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வரவில்லை. அப்பா விரட்டியதும் சுவரோரமாக நடந்து எங்கள் வரிசை முடிகிற இடத்துக்கு வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து, ஆணியில் தொங்கிய ஒரு பழைய கம்பளித் தொப்பியை எடுத்து, காதை மூடும்படி இழுத்து மாட்டிக்கொண்டார். எனக்கும் அவருக்கும் இரண்டடி தூரம் இருந்திருக்கும். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அடுத்து லியர் கோமாளியைக் கூப்பிடும்வரை அங்கேயே சுவரைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. ஆனால் என்னோடு வந்தவர், கார்டீலியா நாட்டை விட்டுப் போகவே இல்லை, கோமாளி வேஷத்தில் அப்பாவோடு தங்கிவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டார். பிறகு அவள் பிரெஞ்சுப் படையோடு வந்து நின்றதும் அவருக்கு ஒன்றுமே புரியவில்லை.

இப்படி ஒரே ஆள் இரண்டு வேஷமும் போடுவது பழைய வழக்கமா, இயக்குநர் சொந்தமாகச் செய்ததா? இன்னொன்று, நான் படித்த புத்தகத்தில் லியர் சாகும்போது "அவள் உதடுகளைப் பாருங்கள், அங்கே பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே சாவார். நேற்று அந்த வரியே வரவில்லை. "உடைந்து போ, நெஞ்சே" என்று லியரே சொல்லிவிட்டுச் செத்தார். வெட்டிவிட்டார்களா, மாற்றிவிட்டார்களா?

அப்புறம் லியருக்கு உதவிய க்ளாஸ்டர் பிரபுவின் கண்ணைப் பிடுங்கும் காட்சி. அவரைக் கட்டிப்போட்டிருந்த நாற்காலி என் முழங்காலுக்கு எதிரில் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவ்வளவு பக்கத்தில் அதைக் காட்டத்தான் வேண்டுமா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

வசனப்பிரியை:

கொடுத்துவைத்தவர் நீங்கள். இந்த இரட்டை வேஷம் பற்றிய பேச்சு ரொம்ப நாளாகவே உண்டு. நாடகத்தின் கட்டுமானமே அதற்கு இடம் கொடுக்கிறது: கார்டீலியா முதல் காட்சியிலேயே போய்விடுகிறாள், கோமாளி அதற்குப் பிறகுதான் வருகிறான். மூன்றாம் அங்கத்தின் கடைசிப் பகுதியில் அவன் காணாமல் போகிறான், எங்கே போனான் என்று யாரும் கேட்பதில்லை, நான்காம் அங்கத்தில் அவள் திரும்பி வருகிறாள். இரண்டு பேரும் ஒரு காட்சியில்கூடச் சேர்ந்து நிற்பதே இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் ஒரு நடிகர் இரண்டு மூன்று வேஷம் போடுவது சாதாரணம்தான். ஆனால் இந்த இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார் என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சான்று இல்லாவிட்டாலும் வசனம் அந்தப் பக்கம் இழுக்கிறது. கோமாளி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வீரன் லியரிடம் சொல்வான்: இளைய மகள் பிரான்ஸுக்குப் போனதிலிருந்து கோமாளி வாடிப்போய்விட்டான் என்று. லியர் உடனே "அந்தப் பேச்சு வேண்டாம், நானும் கவனித்தேன்" என்பார். அவ்வளவுதான், இரண்டு வரி. ஆனால் அந்த ஆள் கார்டீலியாவை மறக்கவில்லை, மறக்கத்தான் முயற்சி பண்ணுகிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். கடைசியில் அவள் உடலை மடியில் வைத்துக்கொண்டு "என் கோமாளிக் குழந்தையைத் தூக்கிலிட்டுவிட்டார்கள்" என்கிற மாதிரி ஒரு வரி சொல்வார். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் கோமாளி என்ற அந்தச் சொல்லைச் செல்லமாகவும் சொல்வார்கள், அதனால் மகளைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் அந்தக் கிழவருக்கு இரண்டு முகமும் ஒன்றாகிவிட்டது என்று நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது. நீங்கள் பார்த்த நாடகம் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது.

மூன்றாம் மணி:

நான் இதற்கு நேர் எதிர். கோமாளி வேஷம் பெரும்பாலும் நகைச்சுவை நடிகர் ராபர்ட் ஆர்மினுக்காக எழுதப்பட்டது என்பதுதான் அறிஞர்கள் பலருடைய கருத்து. ஆர்மின் 1600ஐ ஒட்டி ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் சேர்ந்தவர். நன்றாகப் பாடுவார், கோமாளிகளைப் பற்றி அவரே புத்தகமும் எழுதியிருக்கிறார். லியர் எழுதப்பட்ட 1605, 1606 வாக்கில் அவர் வளர்ந்த ஆள். பெண் வேஷங்களைப் போட்டதோ பையன்கள். அவர் போய் கார்டீலியாவாக நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அது வரலாறு, போகட்டும். என் வருத்தம் வேறு. கார்டீலியா இல்லாமல் இருப்பதுதான் இந்த நாடகத்தின் வலியே. முதல் காட்சியில் கொஞ்சமே பேசிவிட்டுப் போகிறாள், அதற்கப்புறம் நாடகத்தின் பாதிக்கு மேல் அவள் கிடையாது. அவளை எதிர்பார்த்து எதிர்பார்த்துக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது திரும்பி வந்து, "எனக்கு நீ தீங்கு செய்யக் காரணம் உண்டு" என்கிற அப்பாவிடம் "ஒரு காரணமும் இல்லை, ஒரு காரணமும் இல்லை" என்கிறாள். அந்த முகம் நடுவில் முழுக்க நம் கண் முன்னாலேயே தொப்பி போட்டுக்கொண்டு சுற்றினால், திரும்பி வருவதற்கு என்ன மதிப்பு? உங்களோடு வந்தவர் குழம்பியதில் தப்பே இல்லை. கோமாளிக்கும் இதில் நஷ்டம்தான். ராஜாவிடம் பயமில்லாமல் உண்மையைச் சொல்லக்கூடிய, அந்த வேலைக்காகவே சோறு போடப்படுகிற ஒருவன் அவன். அவனை மகளின் நிழலாக்கிவிட்டால் அவனுக்கென்று என்ன மிச்சம்?

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு, லியர் இவ்வளவு சின்ன இடத்துக்குள் அடங்குமா என்று. புயல் காட்சியில் வானமே இடிந்து விழ வேண்டாமா?

பழையபிரதி:

கடைசி வரிகள் பற்றிக் கேட்டீர்களே, அதை யாரும் மாற்றவில்லை, உங்களிடம் இருப்பது வேறு பிரதி, அவ்வளவுதான். கிங் லியர் நமக்கு இரண்டு வடிவத்தில் கிடைத்திருக்கிறது. 1608இல் தனி நூலாக வந்த சின்ன அளவுப் பதிப்பு ஒன்று, அதைக் குவார்ட்டோ என்பார்கள். 1623இல் நாடகங்களைத் திரட்டி வெளியிட்ட பெரிய ஃபோலியோ இன்னொன்று. முதலாவதில் இருக்கிற சுமார் 300 வரிகள் இரண்டாவதில் இல்லை. இரண்டாவதில் இருக்கிற சுமார் 100 வரிகள் முதலாவதில் இல்லை. நாம் வாங்கிப் படிக்கிற புத்தகங்கள் பலவும் இரண்டையும் சேர்த்துத் தைத்தவை.

"உதடுகளைப் பாருங்கள், அங்கே பாருங்கள்" ஃபோலியோவில் மட்டும்தான் உண்டு. மகள் மூச்சு விடுகிறாள் என்று நம்பிக்கொண்டே சாகிறாரோ என்று அதை வைத்துத்தான் இத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். குவார்ட்டோவில் அந்த ஆறுதலே கிடையாது. ஒரு முனகல், அப்புறம் "உடைந்து போ, நெஞ்சே" என்று லியரே சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஃபோலியோவில் அந்த வரி லியரின் விசுவாசமான பிரபு கென்டுக்குப் போய்விடுகிறது. "இனி ஒருபோதும்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதுகூட ஒன்றில் மூன்று தடவை, மற்றதில் ஐந்து தடவை. நாடகத்தின் கடைசிப் பேச்சு ஒன்றில் லியரின் மூத்த மருமகன் ஆல்பனிக்கு, மற்றதில் க்ளாஸ்டரின் மகன் எட்கருக்கு.

ஓரநாற்காலி, ஒன்று சொல்லுங்கள். லியர் ஒரு முக்காலியைத் தன் மூத்த மகள் கானரில் என்று வைத்து விசாரணை நடத்துகிற காட்சி நேற்று இருந்ததா? க்ளாஸ்டரின் கண் போன பிறகு இரண்டு வேலைக்காரர்கள் பேசிக்கொள்வது இருந்ததா? இரண்டும் குவார்ட்டோவில் மட்டுமே வருபவை. இருந்தது என்றால் உங்கள் இயக்குநர் 1608 பிரதியைத்தான் கையில் எடுத்திருக்கிறார்.

மூன்றாம் மணிக்கு: அந்த 1608 பதிப்பின் முகப்பிலேயே, ஒயிட்ஹால் அரண்மனையில் ராஜா முன்னிலையில் நடிக்கப்பட்டது என்று அச்சடித்திருக்கிறார்கள். 1606 டிசம்பர் 26ஆம் தேதி. நமக்குத் தேதியோடு தெரிகிற முதல் லியரே கூரைக்குக் கீழே நடந்ததுதான். வானம் இல்லாமலே இடித்திருக்கிறது.

விளக்குக்காரன்:

நான் ஐம்பது, அறுபது பேர் உட்காருகிற இடங்களில் லைட் போர்டில் உட்கார்கிறவன். லியர் இரண்டு தடவை செய்திருக்கிறேன். முதல் தடவை புயலுக்குப் பெரிய இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு ஆட்டினோம், மின்னலுக்கு வெள்ளை விளக்கை வெட்டி வெட்டி அடித்தேன். சத்தம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் லியர் பேசியது ஒரு சொல்கூட யாருக்கும் கேட்கவில்லை. மூன்று நாள் அப்படியே ஓடியது, நடிகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இரண்டாவது தடவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். ஒரே ஒரு விளக்கு, கீழேயிருந்து. நடிகர்கள் நான்கு பேர் இருட்டில் உட்கார்ந்து உள்ளங்கையால் தரையைத் தேய்த்தார்கள், அதுதான் மழை. இடியை லியர் வாயால்தான் வரவழைத்தார், வசனத்திலேயே காற்றும் மழையும் இருக்கிறதே. ஆங்கிலக் கட்டுரையாளர் சார்ல்ஸ் லேம் 1811இல், லியரை நடிக்கவே முடியாது, மேடையில் பார்த்தால் மழை ராத்திரியில் மகள்கள் துரத்திவிட்ட ஒரு கிழவன் கைத்தடியோடு தள்ளாடுவதுதான் தெரிகிறது என்று எழுதினார். அவர் அதைக் குறையாகச் சொன்னார். சின்ன இடத்தில் அந்தத் தள்ளாடும் கிழவர் நம் பக்கத்திலேயே நிற்கிறார், அதுவே போதும் என்பேன் நான்.

டோவர் மலை உச்சிக் காட்சியும் அப்படித்தான். கண் தெரியாத க்ளாஸ்டரைச் சமதரையில் நிற்க வைத்து, கீழே மீனவர்கள் எலி மாதிரித் தெரிகிறார்கள் என்று மகன் சொல்கிறான், அவர் நம்பிக் குதிக்கிறார். பெரிய மேடையில் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஆள் குப்புற விழுவதுதான் தெரியும். எங்கள் இடத்தில் முதல் வரிசையில் இருந்த ஒரு அம்மா அவரைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டார்.

கண்ணைப் பிடுங்குவது பற்றி: நாங்கள் நாற்காலியைத் திருப்பி, க்ளாஸ்டரின் முதுகு மட்டும் தெரியும்படி வைத்தோம். ரத்தம் கிடையாது. அவர் கை விரல்கள் நாற்காலிச் சட்டத்தைப் பிடித்திருப்பது மட்டும் வெளிச்சத்தில். ஆனால் கட்டாயம் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஷேக்ஸ்பியர் அதைத் திரைக்குப் பின்னால் நடத்தியிருக்கலாம், நடத்தவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது, அதைச் செய்யாமல் விட்டால் தப்புதான்.

ஓரநாற்காலி:

பழையபிரதி, இரண்டுமே இருந்தன! கண்ணைப் பிடுங்கிய கார்ன்வாலும் அவன் மனைவி, லியரின் நடு மகள் ரீகனும் போன பிறகு இரண்டு பேர் ஒரு கிண்ணத்தோடு வந்தார்கள். உண்மையான முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் பஞ்சு. அதை நனைத்து அவர் கண் இருந்த இடத்தில் வைத்துக் கட்டினார்கள். கிண்ணம் என்னைத் தாண்டிப் போகும்போது அந்தப் பச்சை முட்டை வாசனை வந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வந்தது. இதைப் படித்த பிறகுதான் உறைக்கிறது, அந்த இரண்டு பேர் வராமல் இருந்திருந்தால் நான் காட்சி முடியும்வரை தலையைத் திருப்பியிருக்க மாட்டேன்.

பழையபிரதி:

இயக்குநர் பீட்டர் புரூக் 1962இல் லியர் செய்தபோது அந்த வேலைக்காரர்களின் பேச்சை வெட்டிவிட்டார், யாருடைய இரக்கமும் இல்லாமல் க்ளாஸ்டர் தட்டுத் தடுமாறிப் போக வேண்டும் என்று. ஃபோலியோவிலும் அது இல்லை என்பதால் அதற்கும் நியாயம் உண்டு. எனக்கென்னவோ முட்டையும் பஞ்சும் வேண்டும்.

ஓரநாற்காலி:

மூன்றாம் மணிக்கு ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. கோமாளி போகிற இடம். விசாரணைக் காட்சி முடிந்து லியரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இவர் மட்டும் பின்தங்குகிறார். தொப்பியைக் கழற்றி, கானரிலாக இருந்த அந்த முக்காலி மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். தொப்பி அங்கேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, சண்டைக் காட்சியில்கூட எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடந்தார்கள். கடைசியில் லியர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த முக்காலிக்குப் பக்கத்தில் கிடத்துகிறார். கோமாளியைத் தூக்கிலிட்டுவிட்டார்கள் என்று வசனப்பிரியை சொன்ன வரி வரும்போது, அவர் கை தானாகப் போய் அந்தத் தொப்பியைத் தொடுகிறது. எடுக்கவில்லை, தொட்டார், அவ்வளவுதான். அவர் பார்வை முழுக்க மகள் முகத்தில்தான் இருந்தது.

மூன்றாம் மணி:

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படியென்றால் தொப்பி கழன்றதிலிருந்து அவள் திரும்பி வரும்வரை அந்தப் பெண் கண்ணில் படவே இல்லை, முக்காலியும் தொப்பியும் மட்டும்தான் இருந்தன, இல்லையா? நான் கேட்ட அந்த இல்லாமை அதில் இருக்கிறது. முதல் பாதி பற்றிய என் வருத்தம் அப்படியேதான் இருக்கிறது, கோமாளிக்கு அவனுடைய சொந்த முகம் வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் நேரில் பார்க்காமல் மேற்கொண்டு பேசுவது சரியில்லை. இன்னும் ஓடுகிறதா?

ஓரநாற்காலி:

ஞாயிறு வரை இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இடது பக்கம், ஆணி அடித்த சுவரை ஒட்டி உட்காருங்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் தொப்பி மாட்டுவது தெரியாது, அவர் முதுகுதான் தெரியும்.

விளக்குக்காரன்:

கண் காட்சிக்கும் அதே பக்கம்தான் ரொம்ப நெருக்கம் என்று முதலிலேயே எழுதியிருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள் மூன்றாம் மணி. இரண்டாம் வரிசை கிடைத்தால் அதை எடுங்கள்.