மேலரத வீதி சொந்தங்கள் குரூப்: கார்லைல் (இங்கிலாந்து) அண்ணன் காரியம்

சனிக்கிழமை

செந்தில் சென்னை: டாக்டர் மாமா தவறிட்டாங்க. நேத்து சாயந்தரம், நமக்கு நடுராத்திரி. தூக்கத்துலயே. மீனா இப்பதான் பேசுச்சு. அம்மாட்ட நான் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் மீனாவுக்கு போன் போட வேண்டாம்

முத்து பெங்களூர்: ஐயோ

முத்து பெங்களூர்: 🙏🙏

காந்திமதி: (குரல் பதிவு 0:47)

நெல்லையப்பன்: அண்ணன் போயிட்டானா. எப்ப எடுக்காவ

ஆறுமுகம் தமிழய்யா: (படம்: இனிய காலை வணக்கம், ரோஜாப்பூ)

செந்தில் சென்னை: ஐயா மேல பாருங்க

ஆறுமுகம் தமிழய்யா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ஆறுமுகம் தமிழய்யா: அத்தான் சிவபதம் அடையட்டும். கமலா போன பிறகு அந்த மனுசனுக்கு அங்க யாரு இருந்தா

உமா: மீனா இருந்தா மாமா. மான்செஸ்டர்ல இருந்து வாராவாரம் போய்ட்டுதான் இருந்தா

மீனா யூகே: எல்லாருக்கும் தனித்தனியா சொல்ல முடியல அதான் வாய்ஸ் டைப்பிங்ல போடுதேன். அப்பாவை அடுத்த வியாழக்கிழமைதான் எடுப்போம். இங்க உடனே முடியாது, 2024 செப்டம்பர்ல இருந்து, விசாரணைக்குப் போகாத எந்த சாவா இருந்தாலும் பார்த்த டாக்டர் எழுதுனதை மெடிக்கல் எக்சாமினர்னு இன்னொரு டாக்டர் சரிபார்க்கணும், அப்புறம் நாங்க போய் பதியணும், பதிஞ்சாத்தான் அடக்கம் பண்ணலாம்னு குடுக்குத பச்சை பார்ம் கைக்கு வரும், நடுவுல சனி ஞாயிறு வேற. இன்னொண்ணு சொல்லணும். அப்பா எழுதி வச்சிருக்காங்க, எரிக்கக் கூடாதுன்னு. கார்லைலுக்கு வெளிய ஒரு கிராமத்துல ஒரு விவசாயி தன்னோட மேய்ச்சல் நிலத்தை இதுக்குன்னே விட்டிருக்காரு, அங்க மண்ணுல வச்சு மேல மரம் வைக்கணுமாம். கல்லு கிடையாது. சிமெண்ட் கிடையாது. இடத்துக்கு பணம் அப்பாவே கட்டி ரசீதும் பைல்ல இருக்கு

காந்திமதி: புதைக்கவா

காந்திமதி: எதுக்கு

நெல்லையப்பன்: நம்மள்ல அந்த வழக்கம் இல்ல. கருப்பந்துறைல அப்பாவுக்கு கொள்ளி வச்சது அவன்தான். அவனுக்கு இப்படியா

முத்து பெங்களூர்: அங்க விறகு வச்சு எரிக்க விட மாட்டாங்களாக்கா

மீனா யூகே: அதுக்கு ஒரு கேஸே நடந்திச்சு முத்து. எங்க பக்கத்துல நியூகாசில்ல தேவேந்தர் கய்னு ஒருத்தர் கார்ப்பரேஷன் மேல கேஸ் போட்டு 2010ல அப்பீல் கோர்ட்ல ஜெயிச்சாரு, கட்டடம் மாதிரி ஒண்ணு இருந்தா போதும், கூரைல திறப்பு இருக்கலாம், அதுக்குள்ள விறகுல எரிக்கலாம்னு. அப்பா அந்த கேஸை பேப்பர் விடாம படிச்சாங்க. ஆனா கடைசில வேற முடிவுக்கு வந்துட்டாங்க. இங்க நூத்துக்கு எண்பது பேருக்கு கிட்ட எரிக்கத்தான் செய்யுதாங்க, வெள்ளைக்காரங்களும்தான், எல்லாம் எரிவாயு மிஷின். அப்பாவுக்கு அது புடிக்கல. இந்த இயற்கை அடக்கத்தை முதமுதல்ல ஆரம்பிச்சதே கார்லைல் கல்லறைலதான், 1993ல, கென் வெஸ்ட்னு அங்க மேனேஜரா இருந்தவரு. இப்ப நாடு முழுக்க 270க்கு மேல இடம் இருக்கு

செந்தில் சென்னை: மீனா நீ மொதல்ல சாப்பிட்டியா

மீனா யூகே: ம்

உமா: திவ்யா நிச்சயம் ஆவணில வச்சிருக்கோமே. இப்ப கேக்கக் கூடாதுதான். ஹாலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு

காந்திமதி: இப்ப அது எதுக்கு

உமா: சரி அத்தை

நெல்லையப்பன்: காடாத்து எப்படி பண்ண. எலும்பு எங்க இருந்து எடுக்க. ராமேஸ்வரத்துக்கு என்னத்தைக் கொண்டு போக. அதைச் சொல்லு

மீனா யூகே: சித்தப்பா அஸ்தி இருக்காது

நெல்லையப்பன்: அதான கேக்கேன்

மீனா யூகே: அப்பா ஏன் இப்படி முடிவு பண்ணாங்கன்னு சொல்லட்டா. 2015ல அம்மா அஸ்தியைக் கரைக்க பாபநாசம் வந்தோம்லா, நீங்களும் இருந்தீங்க. ஆத்துல கால வச்சா தரையே தட்டுப்படல, பூரா துணி. சேலை வேட்டி பாவாடைன்னு ஜனங்க பரிகாரம்னு அவுத்துப் போட்டது. அப்பா குடத்தைக் கவுத்தாங்க, அம்மா சாம்பல் தண்ணியோட போகல, முங்கிக் கிடந்த ஒரு பச்சை நைட்டி மேல போய் உக்கார்ந்துக்கிடுச்சு. அப்பா குனிஞ்சு கையால அள்ளி அள்ளி விட்டாங்க. ஐயரு சீக்கிரம் சீக்கிரம்ங்காரு. திரும்பி வார வழி பூரா ஒரு வார்த்தை பேசல. கார்லைலுக்கு வந்ததும் அந்த மேய்ச்சல் நிலத்தைப் பார்க்கப் போயிட்டாங்க

முத்து பெங்களூர்: அந்த நைட்டி எனக்கும் ஞாபகம் இருக்கு

நெல்லையப்பன்: ஆத்தைக் குறை சொல்லாதிய. துணி போட்டது ஜனம்

செந்தில் சென்னை: அதைத்தான மாமா அவளும் சொல்லுதா

காந்திமதி: (குரல் பதிவு 1:32)

உமா: அத்தை அழுதுட்டே பேசுதாங்க. யாராவது கேட்டுச் சொல்லுங்க, எனக்கு பாதி புரியல

செந்தில் சென்னை: கோமணாண்டித் தாத்தா சமாதியைச் சொல்லுதாங்க. சேரன்மாதேவி தோட்டத்துல வில்வ மரத்தடில இருக்குல்லா. அம்மாவும் பெரிய மாமாவும் சின்னப் புள்ளைல வெள்ளிக்கிழமை விளக்கு போடப் போவாங்களாம். 'அண்ணன் அங்கதான் கண்ணை மூடி உக்கார்ந்துக்கிடுவான், அப்பவே அவனுக்கு இந்த ஆசை இருந்திருக்கு'ன்னு சொல்லுதாங்க

முத்து பெங்களூர்: அந்த விளக்கு இப்ப யாரு போடுதா

காந்திமதி: யாரும் இல்ல. தொண்ணூத்தி நாலுல தோட்டத்தை பங்கு வச்ச நாள்ல இருந்து இருட்டுதான்

நெல்லையப்பன்: இப்ப தோட்டத்தை எதுக்கு இழுக்க

ஆறுமுகம் தமிழய்யா: ஒரு செய்தி சொல்கிறேன். புதைப்பது நமக்குப் புதிது அன்று. திருமந்திரத்தில் ஏழாம் தந்திரத்தில் சமாதிக் கிரியை என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஞானியின் உடலைத் தீயில் இட்டால் நாட்டுக்கே கேடு, குகை தோண்டி உள்ளே வைக்க வேண்டும் என்கிறார் திருமூலர். ஒன்பது சாண் ஆழம், மூன்று கோணமாக வெட்ட வேண்டும் என்று அளவு வரை சொல்லியிருக்கிறார். ஆக சைவத்துக்கு விரோதம் இல்லை

நெல்லையப்பன்: அது ஞானிக்கு. இவன் டாக்டர்

செந்தில் சென்னை: 😀

செந்தில் சென்னை: கை பட்டுடுச்சு

மீனா யூகே: மாமா ரொம்ப நன்றி. இங்க நாலடிதான் தோண்டுவாங்க. மேல் மண்ணுலதான் புழு பூச்சி கிருமியெல்லாம் உயிரோட இருக்கும், அதுல வச்சாத்தான் உடம்பு சீக்கிரம் மண்ணாகும், ரொம்ப ஆழத்துல காத்து இல்லாம அப்படியே கிடக்குமாம். பாடியைக் கெடாம வைக்க ஊசி போட மாட்டாங்க, குளிர்ல மட்டும் வைப்பாங்க. பெட்டி கூட வில்லோன்னு ஒரு மரத்துக் குச்சில பின்னுனது, நம்ம சீர்க்கூடையை நீளமா செஞ்ச மாதிரி இருக்கு. உடுப்பு பருத்தி இல்லன்னா கம்பளிதான், பாலியஸ்டர் கூடாது, உலோகம் எதுவும் கூடாது. மரக்கன்னு இப்ப நட மாட்டாங்க, வெயில் காலத்துல வச்சா பிழைக்காது, நவம்பருக்கு மேலதான் வைப்பாங்க. அதுவரைக்கும் புல்லு. ஆடு மேயும்

காந்திமதி: ஆடு மேயுமா

காந்திமதி: எங்க அண்ணன் மேலயா

மீனா யூகே: அத்தை புல்லு மேலதான்

முத்து பெங்களூர்: அப்ப இடம் எதுன்னு எப்படிக்கா கண்டுபிடிக்க

மீனா யூகே: ரிஜிஸ்டர்ல அளந்து எழுதி வரைபடமும் வச்சிருப்பாங்க முத்து. அப்படி எழுதி வைக்கணும்னு சட்டமே இருக்கு

செந்தில் சென்னை: அங்க சொந்தத் தோட்டத்துல கூட வைக்கலாம்னு படிச்சேன், உண்மையா

மீனா யூகே: ஆமா அத்தான். நிலத்துக்காரர் சம்மதிச்சா போதும். தண்ணி விஷயத்துலதான் கறார். குடிதண்ணிக் கிணறு போர் இருந்தா 250 மீட்டர் தள்ளி இருக்கணும், ஓடை வாய்க்கால்னா 30 மீட்டர், வயல் வடிகால்னா 10 மீட்டர்

காந்திமதி: நெல்லையப்பா

காந்திமதி: நீ தாத்தா சமாதிக்கு எத்தனை அடில போர் போட்ட

நெல்லையப்பன்: அக்கா

முத்து பெங்களூர்: அத்தை 😶

நெல்லையப்பன்: வாழை காஞ்சு கிடந்துச்சு. தண்ணி பாயிண்ட் அங்கதான் காட்டுச்சு. எல்லாரும் வெளியூர்ல உக்கார்ந்துக்கிட்டு பேசுதிய. அந்தத் தோட்டத்துக்கு தீர்வை கட்டுததும் நான் வேலி போடுததும் நான். அண்ணன் ஒரு தடவை வந்து பார்த்தானா

மீனா யூகே: சித்தப்பா அப்பா 94ல வந்து கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுத்தான் போனாங்க. ஒரு வார்த்தை கேக்கல

செந்தில் சென்னை: போதும். எல்லாரும் நிறுத்துங்க. வீட்ல துஷ்டி

ஞாயிற்றுக்கிழமை

ஆறுமுகம் தமிழய்யா: (படம்: ஞாயிறு வணக்கம், சூரிய உதயம்)

உமா: மாமா

ஆறுமுகம் தமிழய்யா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

நெல்லையப்பன்: சடங்கு பண்ணுத வாத்தியாரை வரச் சொல்லிக் கேட்டேன். உடம்பு கிடைக்காட்டி தர்ப்பைல உருவம் செஞ்சு கருப்பந்துறைல எரிச்சு, அதுல அஸ்தி எடுத்து ராமேஸ்வரம் கொண்டு போலாம்ங்காரு. நான் பண்ணுதேன். செலவு என்னது. மீனா ஒண்ணும் தர வேண்டாம்

மீனா யூகே: உடம்பு கிடைக்காதவங்களுக்குத்தான சித்தப்பா அது. அப்பா உடம்பு இங்க இருக்கு. நான் நேத்து போய் கையைப் புடிச்சிட்டு வந்தேன். இருக்கவங்களை இல்லன்னு சொல்லி எரிக்கதா

மீனா யூகே: செலவு பேச்சே நான் எடுக்கலியே

செந்தில் சென்னை: மாமா அது கொஞ்சம் அதிகம்தான்

நெல்லையப்பன்: அப்ப பதினாறு என்னத்தை வச்சு பண்ண

முத்து பெங்களூர்: அங்க இருந்து ஒரு பிடி மண்ணு கொண்டு வந்தா என்ன. அதை ஆத்துல விடலாம், தாத்தா சமாதிலயும் கொஞ்சம் போடலாம்

உமா: நல்ல ஐடியா

காந்திமதி: இது சரி

செந்தில் சென்னை: வெளிநாட்டு மண்ணு உள்ள விட மாட்டான் முத்து. செடி நோய் உள்ள வராம தடுக்குத பிளான்ட் குவாரன்டைன் உத்தரவு, 2003ல இருந்து. ஏர்போர்ட்ல புடுங்கி வச்சுக்கிடுவான்

முத்து பெங்களூர்: ஒரு ஸ்பூன் மண்ணைக் கூடவா

செந்தில் சென்னை: பேங்க்ல முப்பது வருஷம் ஆடிட் பார்த்தவன்ட்ட கேக்க. ஒரு ஸ்பூனும் மண்ணுதான்

காந்திமதி: அந்தத் தோட்டத்துலயே அவனைக் கொண்டாந்து வச்சிருக்கலாம்

செந்தில் சென்னை: அதுவும் முடியாதும்மா. இங்க 1999 பஞ்சாயத்து விதிப்படி லைசென்ஸ் உள்ள இடத்துலதான் அடக்கம் பண்ணணும், வீட்டுக்கும் குடிதண்ணிக்கும் 90 மீட்டருக்குள்ள கூடாது. பட்டா நிலத்துல புதைச்ச கேஸ் ஒண்ணு ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் வரைக்கும் போய் 2023ல ஒதுக்குன இடம் தவிர வேற எங்கயும் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கோமணாண்டித் தாத்தா இப்ப போயிருந்தா அவருக்கே பர்மிஷன் கிடைக்காது

உமா: ஏங்க இதெல்லாம் நிச்சயத்துக்கு ஒரு தேதி பார்க்கும்போது படிச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்

செந்தில் சென்னை: உமா தனியா பேசு

ஆறுமுகம் தமிழய்யா: பதினாறாம் நாள் எந்த நாளில் இருந்து கணக்கு? இறந்த நாளா, அடக்கம் செய்யும் நாளா?

நெல்லையப்பன்: எடுத்த நாள்ல இருந்துதான்

காந்திமதி: போன நாள்ல இருந்து

ஆறுமுகம் தமிழய்யா: இரண்டு வழக்கமும் உண்டு

செந்தில் சென்னை: அப்ப தீர்ந்துச்சு போங்க

மீனா யூகே: வியாழக்கிழமை இங்க காலை பதினோரு மணி, உங்களுக்கு மதியம் மூன்றரை. வயல்ல வைபை கிடையாது, போன்லயே ஜூம் போடுதேன், சிக்னல் விட்டு விட்டுதான் வரும். பெட்டியைத் தூக்கிட்டு கேட்ல இருந்து ஒரு பர்லாங் நடக்கணும், கார் உள்ள வராது. தூக்க ஆறு பேரு வேணும், அப்பாட்ட வேலை பார்த்த ரெண்டு நர்ஸ் நாங்களும் தூக்கட்டான்னு கேட்டாங்க. சரின்னுட்டேன். ஓதுவார் யாரும் இங்க இல்ல. ஆறுமுகம் மாமா போன்ல திருவாசகம் படிக்க முடியுமா

ஆறுமுகம் தமிழய்யா: படிக்கிறேனம்மா. சிவபுராணம் முழுதும் படிக்கிறேன்

காந்திமதி: வியாழன் ராகு காலம் ஒன்றரைல இருந்து மூணு. மூன்றரை பரவால்ல

முத்து பெங்களூர்: அத்தை எந்த ஊர் ராகு காலம் பார்க்கணும்

காந்திமதி: நம்ம ஊர்தான். அவன் நம்ம ஊர்க்காரன்தான

நெல்லையப்பன்: கொள்ளி யாரு

மீனா யூகே: தீயே இல்ல சித்தப்பா

நெல்லையப்பன்: தெரியும். மொத மண்ணு யாரு போடுதா

மீனா யூகே: நான்தான்

நெல்லையப்பன்: பொம்பளப் புள்ள

செந்தில் சென்னை: மாமா

நெல்லையப்பன்: ஒண்ணும் சொல்லலவே. போடட்டும். அங்க வேற யாரு இருக்கா

காந்திமதி: கோடி யாரு போட

ஆறுமுகம் தமிழய்யா: மைத்துனன் நான் இருக்கிறேன். கோடி என் முறை. ஒரு நல்ல பட்டு வேட்டி வாங்கி வைத்திருக்கிறேன், சரிகை போட்டது

மீனா யூகே: மாமா சரிகை கூடாது. அதுல உலோகமும் இருக்கும் பாலியஸ்டர் நூலும் இருக்கும், பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி அவங்க கேப்பாங்க. வெறும் பருத்தி வேணும்

ஆறுமுகம் தமிழய்யா: கரை இல்லாமல் கோடியா?

நெல்லையப்பன்: வீரவநல்லூர்ல தறிக்காரன்ட்ட சொன்னா சாயக் கரை மட்டும் போட்ட பருத்தி வேட்டி குடுப்பான். நூலும் பருத்திதான். நாளைக்கு நான் போறேன். அத்தான் பேர்லயே வாங்குதேன்

செந்தில் சென்னை: என் பிரண்டு பையன் செவ்வாய் ராத்திரி சென்னைல இருந்து மான்செஸ்டர் கிளம்புதான். செவ்வாய் காலைல துணி என் கைல இருக்கணும்

முத்து பெங்களூர்: ஆம்னி பஸ்ல பார்சல் போட்டா விடிய வந்துரும் அத்தான்

நெல்லையப்பன்: பார்சல் எதுக்கு. நாளைக்கு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல நானே கொண்டு வாறேன். டிக்கெட் கிடைக்குமான்னு பாரு

செந்தில் சென்னை: தட்கல் இருக்கான்னு இப்பவே பாக்குதேன்

உமா: சின்ன மாமா இங்க வந்தா நிச்சயத் தேதியையும் பேசிரலாம்

காந்திமதி: தர்ப்பை விஷயம் என்ன ஆச்சு

நெல்லையப்பன்: அதை வந்து பேசுதேன். விட்டுரல

மீனா யூகே: சித்தப்பா

நெல்லையப்பன்: அண்ணன் அங்க நாலு முழம் கட்டுவானா எட்டு முழமா

மீனா யூகே: வீட்ல நாலு முழம்தான். பொங்கலுக்கு மட்டும் எட்டு

நெல்லையப்பன்: எட்டு எடுக்கேன். துண்டு ஒண்ணும் சேர்த்து