வால்ஐ மீனுக்கான தூண்டில் பெட்டி வந்திருக்கிறது: நம் கண்மாய் விராலுக்கு எதெல்லாம் ஆகும்?

பள்ளத்தூரான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மின்னசோட்டாவில் வேலை பார்க்கும் என் அம்மான் மகன் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். திரும்பிப் போகும்போது ஒரு பெட்டி நிறையத் தூண்டில் சாமான்களை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். அத்தனையும் வால்ஐ என்ற மீனுக்கானவை. பெட்டியில் இருப்பவை: ஈயத்தலை வைத்த ஜிக் முட்கள், ஆரஞ்சிலும் பச்சை கலந்த மஞ்சளிலும், ரப்பர் புழுப் பொட்டலங்கள், மணி கோத்து, சுழலும் தகடு வைத்து, இரண்டு முள் கட்டிய நீள நரம்புகள், வாய்க்குக் கீழே பிளாஸ்டிக் நாக்கு நீட்டிய ரப்பாலா என்ற மெல்லிய பொய்மீன் ஒன்று. கூடவே ஆறரை அடி ராடும் ரீலும். ரீலில் 10 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு சுற்றியிருக்கிறது.

நான் இதுவரை மூங்கில் கம்பு, தக்கை, மண்புழு என்று கெண்டையும் ஜிலேபியும் பிடித்தவன். எனக்கு வேண்டியது விரால். எங்கள் ஊர்க் கண்மாயில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. பாதி தாமரை, உள்வாயில் கருவேல மரங்கள். குத்தகைதாரரிடம் சொல்லிவிட்டேன். பெரிய மீன் விழுந்தால் கண்ணில் காட்டிவிட்டுப் போகச் சொன்னார், வேறு தடையில்லை. ஜிக்கை எறிந்தால் பாசிதான் வருகிறது. அத்தானிடம் போனில் கேட்டேன், "உங்கள் ஊர் மீன் எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்கு என்ன தெரியும்?" என்கிறார். இவற்றில் எது உதவும், எப்படிப் போட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலுங்குமேடு, தேவகோட்டை:

தம்பி, பெட்டியில் பாதிக்கு மேல் கண்மாய்க்கு ஆகாது. காரணம் தெரிந்தால் மிச்சத்தை உருப்படியாகப் பயன்படுத்தலாம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வால்ஐ பெரிய ஏரிகளின் மீன். பெரும்பாலும் தரையை ஒட்டி, சரளையும் பாறையும் கிடக்கும் இடத்தில் திரியும். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. இரவில் விளக்கு பட்டால் மாட்டின் கண் மின்னுகிறதே, அது போன்ற படலம்தான். மங்கிய வெளிச்சத்தில் சிறுமீன்கள் தடுமாறும்போது இதற்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் விடியலிலும் அந்தியிலும், மேகம் போட்டு அலையடிக்கும் பகலிலும் படகு எடுப்பது அதனால்தான். ஜிக்கைத் தரை தட்டும்வரை இறக்கி, லேசாகத் தூக்கி, மறுபடி இறக்குவார்கள். இறங்கும்போதுதான் மீன் அதிகம் வாங்கும்.

விரால் எங்கே நிற்கிறது? முழங்கால் தண்ணீரில், தாமரை இலைக்கு அடியில், கோரை ஓரத்தில். செவுளை மட்டும் நம்பி அதனால் உயிர் வாழ முடியாது. மேலே வந்து காற்றை வாங்கியே தீர வேண்டும். அப்போது கேட்கும் "ப்ளப்" சத்தமும் எழும் குமிழியும்தான் நமக்குத் துப்பு. இரையையும் அது பெரும்பாலும் மேல்தண்ணீரில்தான் தேடுகிறது: தவளை, தட்டான், இலை ஓரம் மேயும் குஞ்சு மீன். அங்கே போய் முள் திறந்த ஈயத்தை இறக்கினால் வேலம்பாசி அறுவடை செய்யலாம், மீன் வராது.

இப்போது பெட்டிக்கு வருவோம். ரப்பர் புழுவை ஜிக்கிலிருந்து கழற்றுங்கள். காரைக்குடியிலோ மதுரையிலோ கழுத்து வளைந்த ஆஃப்செட் முள் கிடைக்கும். புழுவின் தலையில் முள்ளை ஏற்றி வெளியே எடுத்து, திருப்பி, கூர்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடுங்கள். ஈயம் வேண்டாம். இப்படிக் கட்டினால் தாமரை இலைமேல் வழுக்கிக்கொண்டு வரும், இடைவெளியில் தானாக இறங்கும்.

ரப்பாலா நல்ல சாமான். 1936இல் பின்லாந்து மீனவர் லவுரி ரப்பாலா தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றி வரும் ஈயத்தாளை ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசிச் செய்ததில் தொடங்கிய சரக்கு அது. அடிபட்ட மீன் தள்ளாடுவது போல நீந்தும், அதுதான் அதன் வித்தை. வால்ஐ பிடிப்பவர்களும் ஐப்பசி மாதக் குளிரில் மீன் கரையோரம் மேய வரும்போது இரவில் இதை எறிவார்கள். ஆக, ஆழமில்லாத தண்ணீருக்கு ஒத்துவரும். ஆனால் தாமரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அந்த மூன்று கொக்கி முள் தண்டைப் பிடித்தால் விடாது. மடைக்குழி, கலுங்கு தாண்டிய ஓடை, மழைக்காலத்தில் வரத்துக்கால் வாய், இப்படித் தெளிந்த இடமாகப் பாருங்கள். குரவையும் விராலும் எடுக்கும்.

10 பவுண்டு நரம்பை மாற்றிவிடுங்கள். வால்ஐயை அவர்கள் திறந்த தண்ணீரில் விளையாட விட்டுத்தான் பிடிக்கிறார்கள். விரால் முள் பட்டதும் தண்டுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். அதற்குள் வெளியே இழுத்துவிட வேண்டும். 30 பவுண்டுக்குக் குறையாத பின்னல் நரம்பு, வளையாத ராடு. ஆறரை அடி ராடு நுனி மெலிந்ததாக இருந்தால் அதைக் கெண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் உங்களுக்கு வேண்டியது அந்தப் பெட்டியிலேயே இல்லை. ரப்பர் தவளை ஒன்று வாங்குங்கள். உள்ளே வெற்றாக இருக்கும், இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், அதனால் எதிலும் மாட்டாது. மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். நிறம் கறுப்போ கரும்பச்சையோ போதும். கீழிருந்து வானத்தைப் பார்க்கும் மீனுக்கு நிழல் வடிவம்தான் தெரியும், கடைக்காரர் காட்டும் பளபளப்பு உங்களுக்காக.

குமிழி வந்த இடத்தின் தலைமேல் எறியாதீர்கள். அதைத் தாண்டி எறியுங்கள். விழுந்த வட்ட அலை அடங்கட்டும். பிறகு ராடு நுனியைச் சின்னதாகத் தட்டித் தட்டி இலைமேல் ஏற்றிக் கொண்டுவாருங்கள். இலை விளிம்புக்கு வந்ததும் நிறுத்துங்கள். பின்னால் தாமரைத் தண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடினால் மீன் தொடர்கிறது என்று பொருள், கையைப் பரபரக்க விடாதீர்கள். தண்ணீரில் இறக்கி ஒரு மூச்சு நிறுத்தினால் அங்கேதான் வெடிக்கும். வெடித்ததும் இழுத்தால் வெறும் தவளை உங்கள் முகத்துக்கு வரும். விரால் வாயை மூடித் திரும்ப வேண்டும். நரம்பு இறுகி ராடில் கனம் தெரிந்த பிறகு ஓங்கி ஒரு வெட்டு. அப்புறம் தளர்வே கொடுக்காமல் சுற்ற வேண்டும்.

ஒரு விஷயத்தில் நான் கறார். செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் மேலே கொதித்துக்கொண்டு நகர்ந்தால் அதற்குள் எதையும் எறியாதீர்கள். கீழே தாய்தகப்பன் காவல் நிற்கும். அது பசிக்காகக் கவ்வுவதில்லை, காவலுக்காகக் கவ்வுகிறது. எந்தக் கத்துக்குட்டியும் அதைப் பிடித்துவிடலாம். பிடித்துவிட்டால் குஞ்சுகள் அன்று மாலைக்குள் கொக்குக்கும் குரவைக்கும் போய்விடும். அப்படிப் பிடித்த மீனோடு படம் எடுத்து இங்கே போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊத்தா, சிங்கம்புணரி:

அண்ணே விளக்கமாகச் சொல்லிவிட்டார், மறுக்கவில்லை. ஆனாலும் ரப்பர் தவளை விலைக்குச் சந்தையில் விராலே வாங்கிவிடலாம். கோடையில் தண்ணீர் வற்றட்டும், எங்கள் பக்கம் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, அரிவலை என்று ஊரே இறங்கும். ஆளுக்கொரு விரால் நிச்சயம். அதுவரை பொறுக்க முடியாது என்றால் நிஜத் தவளைக் குஞ்சை முள்ளில் கோத்துப் போடுங்கள், எங்கள் ஐயா காலத்து வழி.

பனிஏரி, மின்னசோட்டா:

நான் புதுவயல்காரன், இங்கே வந்து வெகுகாலமாகிறது. அந்தப் பெட்டியைத் தயவுசெய்து திட்டாதீர்கள், அது இந்த ஊரின் பூசைப் பெட்டி. 1965இல் வால்ஐயை மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். பனி உருகும் ஏப்ரலை ஒட்டி அது முட்டையிடும், அப்போது பிடிக்கத் தடை. மே நடுவில் ஒரு சனிக்கிழமை தடை விலகும். முந்தைய இரவே ஏரிக்கரைச் சாலையெல்லாம் படகு இழுத்துவரும் வண்டிகள்தான்.

பெட்டியில் இருக்கும் ஜிக் பெரும்பாலும் 3.5 கிராம் அல்லது 7 கிராம் இருக்கும். ஆழமும் காற்றும் கூடினால் கனமானது, இல்லையென்றால் இலேசானது. தகடு சுழலும் நரம்பில் மண்புழுவை முழு நீளத்துக்குக் கோத்து, படகை மெதுவாக ஓட்டி இழுத்து வருவார்கள். இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே அட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கண்மாயில் இறங்கினால் காலில் ஒட்டுமே, அதற்குச் சொந்தக்கார இனம். டஜன் கணக்கில் டப்பாவில் போட்டு, கடையில் குளிர்பெட்டியில் வைத்து விற்பனை. தக்கைக்குக் கீழே உயிரோடு நெளிய விட்டால் வால்ஐ விடாது.

இங்கே தூண்டில்காரர்கள் இன்னும் பேசுவது 2022 செப்டம்பரில் ஓஹியோவில், ஈரி ஏரிப் போட்டியில் நடந்த கூத்தைத்தான். பரிசு இருபத்தெட்டாயிரம் டாலருக்கு மேல். முதலில் வந்த ஜோடியின் மீன்கள் பார்வைக்குச் சின்னவை, தராசிலோ கனம். போட்டி நடத்துபவர் அங்கேயே வயிற்றைக் கீறினார். உள்ளே ஈயக்குண்டுகள், கூடவே வேறு வால்ஐ மீன்களின் சதைத்துண்டுகள். மறு ஆண்டு இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பத்து நாள் சிறை, படகும் பறிமுதல்.

கலுங்குமேடு, தேவகோட்டை:

அங்கே மீனுக்குள் ஈயம் வைக்கிறார்கள். நம் சந்தையில் தட்டுக்கு அடியில் வைப்பார்கள், மீனுக்காவது தொந்தரவு இல்லை.

சிங்கம்புணரித் தம்பிக்கு: நீங்கள் சொல்லும் திருவிழா எனக்கும் பிடிக்கும், அன்று சேற்றில் இறங்காத ஆள் உண்டா? ஆனால் அது வற்றிய கண்மாயின் கடைசி நாள். இவர் கேட்பது தண்ணீர் நிற்கும் காலத்துக்கு. நிஜத் தவளை வேண்டாம். பெருந்தவளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, தவளைக்கால் ஏற்றுமதியையே 1987இல் நிறுத்திவிட்டார்கள். குஞ்சைப் பார்த்து எந்தத் தவளை என்று உங்களால் சொல்ல முடியுமா? வயலில் பூச்சியைத் தின்ன அது இருக்கட்டும்.

ஈப்போ மருமகன்:

கண்டனூரில் பெண் எடுத்தவன், ஊர் மலேசியா. ஐயா சொன்ன தவளை முறை அப்படியே இங்கும் உண்டு. இங்கே விராலை ஹாருவான் என்பார்கள், வயலோரக் கால்வாயில் ரப்பர் தவளைதான் போடுவோம். அதன் பெரிய சொந்தக்காரன் தோமான், தெமெங்கோர் ஏரியில் அதற்கென்றே படகுவீடு எடுத்துத் தங்குகிறார்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: தவளைக்குள் தண்ணீர் ஏறினால் மூழ்க ஆரம்பிக்கும். அவ்வப்போது பிழிந்துவிட்டு எறியுங்கள்.

பள்ளத்தூரான்:

எல்லோருக்கும் நன்றி. பின்னல் நரம்பும் தவளையும் சொல்லியாகிவிட்டது. மூன்று சந்தேகங்கள். எத்தனை மணிக்குப் போகலாம்? வேட்டங்குடிப் பக்கம் தண்ணீர் நன்றாக நிற்கிறதாமே, அங்கே போடலாமா? இந்த ஈய ஜிக்குகளை என்ன செய்வது, தூக்கிப்போட மனம் வரவில்லை.

கலுங்குமேடு, தேவகோட்டை:

வெயில் ஏறுவதற்கு முன்னும், சாயங்காலம் நான்கு மணிக்கு மேலும். உச்சியில் போனால் தலைதான் காயும்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அங்கே தூண்டிலோடு போய் நிற்கவே கூடாது. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அவர்கள் முன்னால் நீங்கள் ரீலைச் சுற்றிக்கொண்டு நின்றால் மரியாதையாக இருக்காது, வனத்துறையும் சும்மா விடாது. ஊருணியிலும் போடாதீர்கள், அது குடிதண்ணீர்.

ஜிக்குகளைக் கடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொண்டிப் பக்கம் உப்பங்கழி வாயில் ரப்பர் வால் மாட்டிய ஜிக்கைக் கொடுவா எடுக்கும். வற்று நீர் இறங்கும் நேரம் பாருங்கள், சின்ன மீன்கள் கழியிலிருந்து வெளியே வரும் வழியில் அது காத்திருக்கும். வால்ஐக்கு நான் முன்பு சொன்ன அதே முறைதான், தரை தட்டவிட்டுத் தூக்குவது. நரம்பு முனையில் இரண்டடிக்குத் தடித்த நரம்பைக் கட்டிக்கொள்ளுங்கள், கொடுவாயின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும். மீனைத் தூக்கும்போது விரலை அங்கே கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முள், ரீல் இரண்டையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துவிடுங்கள், அமெரிக்கச் சாமான் என்று உப்பு சலுகை காட்டாது.